பெயருக்குத்தான் கிறிஸ்தவரா?

நம்மிடையே ஒரு விசித்திரமான மரியாதை வழங்கி வருகிறது. நல்ல மனிதர் ஒருவர் காலமாகிறார். அவர் கிறிஸ்தவராக இருந்துவிட்டால், இரங்கற் கூட்டத்தில் அவரைப் புகழ எழுந்திருக்கிறவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முதலில் ஒரு காரியம் செய்கிறார். இறந்தவருடைய மதத்தை மெதுவாகக் கழற்றி ஓரமாக வைத்துவிடுகிறார். "அவர் பெயருக்குத்தான் கிறிஸ்தவர், மதமெல்லாம் கடந்தவர், யாரையும் மதம் மாற்ற வேண்டுமென்று கனவிலும் நினைத்ததில்லை, நம்மில் ஒருவராகவே வாழ்ந்தார்" என்கிறார். கூட்டம் தலையை ஆட்டுகிறது. இறந்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்பது இதிலுள்ள சௌகரியம்.

பேசுகிறவர்கள் இதைப் பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டுதான் பேசுகிறார்கள். எனக்கு இது திருட்டாகப் படுகிறது. மாலை மரியாதையோடு நடக்கிற திருட்டு. ஒரு மனிதன் தன் வாழ்நாள் முழுதும் எதைத் தன் சொத்தென்று கருதினானோ, அதை அவன் மூச்சு அடங்கிய மறுவாரமே அவனிடமிருந்து பறித்துவிட்டு, மிச்சத்துக்கு மாலை போடுகிறோம்.

எங்கள் தெருவில் ஒரு கம்பவுண்டர் இருந்தார். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நடுராத்திரியில் எந்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டாலும் கையில் டார்ச் விளக்கோடு வந்து நிற்பார். பணம் கொடுத்தால் வாங்க மாட்டார். காப்பி கொடுத்தால் மறுக்க மாட்டார். அவர் இறந்தபோது தெருவே சேர்ந்து ஒரு கூட்டம் போட்டது. நான் மேலே சொன்ன அதே வாசகங்களை ஒருவர் சொன்னார். அழுதுகொண்டேதான் சொன்னார், அவருடைய துக்கத்தில் கலப்படமில்லை.

கூட்டம் கலைந்த பிறகு நான் அந்த வீட்டுக்குப் போனேன். கம்பவுண்டரின் மனைவி, நாங்கள் டீச்சரம்மா என்று அழைக்கிறவர், என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தார். அதில் வரிசையாகப் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே தேதி. சிலவற்றுக்கு எதிரே 'சுகம்' என்று ஒரு சொல்.

"தம்பி, இது அவரோட ஜெபப் புஸ்தகம். விடியக்காலம் நாலரை மணிக்கு முழங்கால் போட்டா, இந்தப் பேரையெல்லாம் ஒண்ணொண்ணா சொல்லிட்டுத்தான் எழுந்திருப்பார். பெயருக்குத்தான் கிறிஸ்தவர்னு சொன்னாரே, அவரோட பையன் பேரும் இதிலே இருக்கு. பாருங்க."

பார்த்தேன். டைபாய்டில் அந்தப் பையன் கிடந்த இருபத்திரண்டு நாட்களும் அதில் இருந்தன. டீச்சரம்மா குற்றம் சாட்டவில்லை. "அவர் எதுக்காக ஓடி ஓடி வந்தார்னு இவங்க நினைச்சுக்கிட்டிருக்காங்க?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை. ஆனால் தெருவோடு அதை நிறுத்திவிட நான் விரும்பவில்லை. இதே அநியாயம் மிகப் பெரிய அளவில், ஒரு தேசமே கூடி நின்று, ஒரு மனிதருக்குச் செய்யப்பட்டிருக்கிறது. அவர் பெயர் சார்லஸ் ஃப்ரியர் ஆண்ட்ரூஸ். தீனபந்து ஆண்ட்ரூஸ் என்றால் பள்ளிக்கூடத்துப் பாடப்புத்தகம் சிலருக்கு ஞாபகம் வரும். 1871 பிப்ரவரி 12-ஆம் தேதி இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்தில் பிறந்து, 1940 ஏப்ரல் 5-ஆம் தேதி கல்கத்தாவில் இறந்தவர். டெல்லியில் ஒரு குடியிருப்புப் பகுதிக்கு அவர் பெயர் வைத்திருக்கிறோம். 1971-இல் அவருடைய நூற்றாண்டுக்குத் தபால் தலை போட்டோம். 1982-இல் வந்த 'காந்தி' படத்தில் அவரும் ஒரு பாத்திரம். அந்த அளவுக்கு எல்லோருக்கும் தெரிந்தவர்தான்.

என்ன தெரியும்? காந்தியடிகளின் காலைத் தொட்ட வெள்ளைக்காரர். தாகூரின் சாந்திநிகேதனத்தில் வாழ்ந்தவர். காந்தியை 'மோகன்' என்று கூப்பிட்டவர், காந்தியால் 'சார்லி' என்று கூப்பிடப்பட்டவர். ஏறக்குறைய இந்துவாகவே ஆகிவிட்டவர், பாதிரி வேலையை உதறியவர் என்று கொஞ்சம் பெருமிதத்தோடு சேர்த்துக்கொள்வார்கள். 'ஏறக்குறைய இந்து' என்பதை நாம் அவருக்குக் கொடுக்கிற மிக உயர்ந்த விருதாகக் கருதுகிறோம். அந்த மனிதரோ 1932-இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டபோது அதற்கு வைத்த தலைப்பு 'கிறிஸ்துவுக்கு நான் பட்டிருக்கும் கடன்' என்று பொருள்படுவது. கடன்பட்டவன் தன் கையெழுத்திலேயே பத்திரம் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நாம், கடனே இல்லை என்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறோம்!

அவருடைய வாழ்க்கையில் எந்தச் செயலை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். மதத்தைக் கழற்றி வைத்துவிட்டு அந்தச் செயலுக்கு அர்த்தம் சொல்ல முடிகிறதா என்று பார்ப்போம்.

1904-இல் அவர் டெல்லிக்கு வந்தது செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆசிரியராக, மிஷனைச் சேர்ந்த குருவாக. 1906-இல் அந்தக் கல்லூரிக்கு முதல்வர் பதவி காலியாயிற்று. வெள்ளைக்காரராகிய ஆண்ட்ரூஸ் அதில் உட்காருவதுதான் அன்றைய சம்பிரதாயம். நீண்ட காலம் அங்கே பணியாற்றிய சுசீல் குமார் ருத்ரா இருக்கும்போது தமக்கு அந்த நாற்காலி எதற்கு என்று ஆண்ட்ரூஸ் பிடிவாதம் பிடித்தார். ருத்ரா அந்தக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். ஒரே ஆண்டவருக்கு முன் மண்டியிடுகிற இரண்டு பேரில் ஒருவன் தோலின் நிறத்தால் மேலே உட்காருவது அந்த மனிதருக்குப் பொறுக்கவில்லை.

1914 ஜனவரித் தொடக்கத்தில் அவரும் நண்பர் பியர்சனும் தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்தில் இறங்கினார்கள். வரவேற்க வந்தவர்களிடையே, தலையை மழித்துக்கொண்டு, ஒப்பந்தக் கூலியின் முரட்டுத் துணி உடுத்தி ஒருவர் நின்றார். அவர்தான் காந்தி என்று தெரிந்ததும் ஆண்ட்ரூஸ் குனிந்து அவர் காலைத் தொட்டார். அங்கிருந்த வெள்ளையர்கள் கொதித்தெழுந்தார்கள். நாமோ, "பாருங்கள், நம் சம்பிரதாயத்தை எப்படிக் கற்றுக்கொண்டுவிட்டார்!" என்று பூரிக்கிறோம். குருவே குனிந்து சீடர்களின் கால்களைக் கழுவிய கதையைக் குழந்தைப் பருவம் முதல் கேட்டு வளர்ந்தவர் அவர். காலைத் தொடுவதற்கு அவர் நம்மிடம்தான் பாடம் கேட்டிருக்க வேண்டுமா?

அடுத்தது பிஜித் தீவு. இது தமிழர்களாகிய நாம் மறக்கக் கூடாத அத்தியாயம். 1879 முதல் 1916 வரை ஏறத்தாழ அறுபதாயிரம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டு போகப்பட்டார்கள். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல் போயிற்று. அக்ரிமெண்ட் என்ற சொல் அவர்கள் வாயில் 'கிர்மிட்' ஆயிற்று. ஐந்து வருஷ ஒப்பந்தம். பத்தடி நீளம் ஏழடி அகலத்தில் ஓர் அறை. அதில் மூன்று ஆண்கள், அல்லது ஒரு குடும்பம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்ற விகிதத்தில் ஆள் பிடித்தார்கள். அந்த ஒரு கணக்கிலிருந்தே அங்கே நடந்த கொலைகளையும் தற்கொலைகளையும் ஊகித்துக்கொள்ளலாம். கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகப் பாரதி கண்ணீர் விட்டுப் பாடியது நமக்குத் தெரியும். அந்தத் தோட்டங்களுக்கு 1915-இல் நேரிலே போய், வரிசை வரிசையாக அந்த அறைகளுக்குள் நுழைந்து பார்த்து, 1916-இல் அறிக்கை எழுதியவர்கள் ஆண்ட்ரூசும் பியர்சனும். அதே ஆண்டு மார்ச் மாதம், இந்த முறையை ஒழிக்க வேண்டுமென்று மாளவியா சட்டசபையில் கொண்டு வந்த தீர்மானத்தை வைசிராய் ஹார்டிஞ்ச் ஏற்றுக்கொண்டார். 1917-இல் ஆண்ட்ரூஸ் மறுபடியும் பிஜிக்குப் போனார். 1920 ஜனவரி முதல் தேதி, மிச்சமிருந்த ஒப்பந்தங்களும் அங்கே ரத்தாயின.

அவர் ஏன் பிஜிக்குப் போனார்? காரணத்தை அவரே எழுதியிருக்கிறார். 1915-இல் காலராவில் விழுந்து பிழைத்து, சிம்லாவில் உடம்பு தேறிக்கொண்டிருந்தார். நேட்டாலில் அவர் பார்த்த ஓர் இந்தியக் கூலியின் நினைவு அப்போது வந்தது: அடிபட்ட முதுகோடு தோட்டத்திலிருந்து ஓடி வந்து, பயந்த கண்களோடு நிமிர்ந்து பார்த்த மனிதன். அந்த முகம் அவர் மனக்கண் முன்னாலேயே மாறிக் கிறிஸ்துவின் முகமாயிற்று. போக வேண்டும் என்ற முடிவு அந்தக் கணத்தில் பிறந்தது.

இதை நம்ப வேண்டும் என்று நான் வாசகர்களை வற்புறுத்தவில்லை. காய்ச்சல் விட்ட மயக்கம் என்று சொல்லிக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தக் காட்சியை எடுத்துவிட்டால், அவர் கப்பல் ஏறியதற்கு நீங்கள் என்ன காரணம் வைத்திருக்கிறீர்கள்? மனிதாபிமானம் என்பீர்கள். நல்ல சொல். ஆனால் அது அவர் சொன்ன காரணம் இல்லையே! நாம் நமக்குச் சௌகரியமான காரணத்தை அவர் வாயில் திணிக்கிறோம்.

1924-இல் டெல்லியில் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்காகக் காந்தி இருபத்தொரு நாள் உண்ணாவிரதம் இருந்தார். பக்கத்திலிருந்து பணிவிடை செய்தவர் ஆண்ட்ரூஸ். விரதம் முடிந்தபோது ஓர் இமாம் குர்ஆன் ஓதினார்; வினோபா உபநிஷதம் சொன்னார்; ஆண்ட்ரூஸ் சிலுவையைப் பற்றிய ஒரு கிறிஸ்தவக் கீர்த்தனையைப் பாடினார். எல்லோருக்கும் பொதுவாக எதையாவது முணுமுணுத்துவிட்டு நழுவவில்லை. காந்திக்கும் அவரிடம் வேண்டியிருந்தது அதுதான். சார்லியிடம் அவர் ஒருநாளும், "நீ பெயருக்குத்தானே கிறிஸ்தவன்?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்களுக்குள் நட்பு இருந்திருக்காது.

அந்த நட்பு ஆமாம் சாமி போடுகிற நட்பாகவும் இல்லை. 1918-இல் யுத்தத்துக்கு ஆள் சேர்க்கக் காந்தி கிராமம் கிராமமாகப் போனபோது, அகிம்சையைப் பேசுகிறவர் இதைச் செய்யலாமா என்று ஆண்ட்ரூஸ் எதிர்த்தார். 1921-இல் அந்நியத் துணிகளைக் கொளுத்தியபோதும், ஏழைக்குக் கொடுக்கக்கூடிய துணியை எரிப்பது தம் மனத்துக்கு ஒவ்வவில்லை என்று எழுதினார். காந்தி அதைத் தம் பத்திரிகையிலேயே வெளியிட்டுப் பதில் சொன்னார். காந்திக்கு எதிரே ஊன்றி நிற்க ஒரு மனிதனுக்குச் சொந்தமாக ஒரு தரை வேண்டும். அந்தத் தரையைத்தான் 'பெயருக்கு' என்று ஒரே சொல்லில் அடித்துவிடப் பார்க்கிறோம்.

"ஆனால் பாதிரி உத்தியோகத்தை அவரே விட்டுவிட்டாரே!" என்று கேட்பவர்கள் உண்டு. விட்டார், 1914-இல். என்ன காரணத்தால் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இங்கிலாந்துத் திருச்சபையின் வழிபாட்டில் அத்தனாசியஸ் விசுவாசப் பிரமாணம் என்று ஒன்று உண்டு. இன்ன இன்ன கொள்கைகளை ஒப்புக்கொள்ளாதவன் நித்தியமாக அழிந்து போவான் என்று அது சொல்லுகிறது. டெல்லியில் முன்ஷி ஜகாவுல்லா என்ற முதிய முஸ்லிம் அறிஞரைத் தந்தையைப் போல நேசித்தவர் ஆண்ட்ரூஸ். பின்னால் அவரைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அப்படிப்பட்ட மனிதர்களை அறிந்துவிட்ட வாயால் அந்த வாசகங்களைக் கோயிலில் நின்று ஓத முடியவில்லை. அவரை அங்கே தடுத்ததும் அவர் நம்பிய கிறிஸ்துதான். சபையின் சட்டத்துக்கும் சபையின் தலைவனுக்கும் இடையே நிற்க நேர்ந்தபோது அவர் தலைவன் பக்கம் போனார். அதுமட்டுமா? 1936-இல் அவர் மறுபடியும் குருப்பணியை ஏற்றுக்கொண்டார். நம் கூட்டத்துப் பேச்சாளர்கள் முதல் பாதியை மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். இரண்டாம் பாதியைக் கேள்விப்பட்டதே இல்லை.

மதமாற்றம் என்ற விஷயத்திலும் இப்படியே. 'யாரையும் மதம் மாற்றாதவர்' என்பது நாம் நல்ல கிறிஸ்தவனுக்கு வழங்குகிற நன்னடத்தைச் சான்றிதழ். போலீஸ் ஸ்டேஷனில், 'இவர்மீது வழக்கு எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? ஆண்ட்ரூஸ் ஆள் சேர்க்கும் வேலையை வெறுத்தவர்தான். கிறிஸ்துவின் வழியன்றி வேறு வழியில் மீட்பே இல்லை என்ற எண்ணத்தை அவர் எப்போதோ விட்டுவிட்டார். ஆனாலும் 1936-இல் இதுபற்றிக் காந்தியோடு பேசியபோது, ஆழ்ந்து யோசித்து, பிரார்த்தித்து, தனக்குக் கிறிஸ்துவிடத்தில்தான் அமைதி கிடைக்கும் என்று ஒருவன் உண்மையாகவே வந்து நின்றால் அவனை மறுக்கத் தம்மால் முடியாது என்றுதான் சொன்னார். காந்திக்கு அது முழுவதும் உடன்பாடில்லை. இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள். நமது சான்றிதழில் இந்த மனிதர் அடங்க மாட்டார்.

மறு பக்கத்தையும் விடுவதற்கில்லை. அவர் காலத்து வெள்ளைக்காரக் கிறிஸ்தவர்களில் பலருக்கு அவர் கட்சி மாறிய ஆசாமி. எத்தனை பேருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார் என்று அவர்கள் கணக்குக் கேட்டார்கள். இவர்கள் கிறிஸ்தவம் போதவில்லை என்று அவரைத் தள்ளினார்கள். நாம் கிறிஸ்தவமே இல்லை என்று அவரைச் சேர்த்துக்கொண்டோம். இரண்டு பேரும் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒரு நியாயமான கேள்வி எஞ்சுகிறது. நல்லவனாக இருக்க மதம் எதற்கு? கடவுளே இல்லை என்று சொல்லிக்கொண்டு ஊருக்கு உழைத்தவர்களை நாம் பார்க்கவில்லையா? பார்த்திருக்கிறோம், அவர்களை வணங்குகிறேன். அவர்களில் ஒருவர் இறந்தபின் ஒரு சாமியார் மேடையேறி, "இவர் வாயால்தான் நாஸ்திகம் பேசினார், உள்ளுக்குள் பெரிய பக்தர்" என்று சொன்னால் நமக்குக் கோபம் வருமா, வராதா? வர வேண்டும். அதே கோபம் இங்கேயும் வர வேண்டும் என்பதுதான் என் வழக்கு.

இன்னொரு கேள்வியும் உண்டு. பிஜித் தோட்ட முதலாளிகளும் கிறிஸ்தவர்கள்தானே? 1919-இல் ஜாலியன்வாலாபாக்கில் சுட்ட டயருக்காக இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை நிதி திரட்டி, இருபத்தாறாயிரம் பவுனுக்கு மேல் சேர்த்துக் கொடுத்ததே. கொடுத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாதவர்களா? போனவர்கள்தான். மதம் ஒரு மனிதனை நல்லவனாக ஆக்கியே தீரும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் கையில் அது சொத்துப் பத்திரமாக இருந்தது. ஆண்ட்ரூசுக்குக் கடன் பத்திரமாக இருந்தது. அதே 1919-இல் அவர் பஞ்சாபுக்குப் போனார். ராணுவச் சட்டம் அவரை அமிர்தசரசில் பிடித்துத் திருப்பி அனுப்பியது. பிறகு மறுபடியும் போய்க் கிராமங்களில் சுற்றினார். சவுக்கடி பட்ட ஒரு சீக்கியரின் காலடியில் தம் நாட்டவர் சார்பில் விழுந்து மன்னிப்புக் கேட்டதை அவர் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தாம் அடிக்காத அடிக்கு மன்னிப்புக் கேட்பதை எந்தப் பொதுவான மனிதாபிமானமும் கட்டாயமாக்குவதில்லை. மற்றவர் பாவத்தைச் சுமந்த ஒருவரைத் தன் எஜமானாகக் கொண்டவனுக்குத்தான் அது கடமையாகத் தோன்றும்.

நாம் ஏன் இப்படிச் செய்கிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்நிய மதத்தான் ஒருவன் நம்மைவிட நல்லவனாக இருக்கும்போது நமக்குள் எங்கோ உறுத்துகிறது. அவனை நம்மவனாக்கிவிட்டால் அந்த உறுத்தல் தீர்ந்துவிடுகிறது. அவனுடைய நன்மை நம் கணக்கில் வரவாகிவிடுகிறது. அண்டை வீட்டானை அவன் இருக்கிறபடியே, அவன் வேதத்தோடும் அவன் முழங்காலோடும் நேசிப்பது கஷ்டமான வேலை. அவனைக் கொஞ்சம் திருத்தி, நம் ஜாடையில் ஆக்கிக்கொண்டு நேசிப்பது சுலபம். நாம் சுலபமானதைச் செய்துவிட்டு அதற்குச் சமரசம் என்று பெயர் வைத்திருக்கிறோம். உயிரோடு இருக்கும் கிறிஸ்தவனும் இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டுதான் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறான். இந்த ஊரில் நல்லவன் என்று பெயரெடுக்க வேண்டுமானால், செத்த பிறகாவது தான் தானாக இல்லாமல் போக வேண்டும் என்று அவனுக்குப் புரிந்துபோகிறது.

ஆண்ட்ரூஸ் கல்கத்தாவில் லோயர் சர்க்குலர் ரோடில் உள்ள கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவரைப் புகழ்கிறவர்கள் அந்த இடத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. இனி எந்த ஊரிலாவது ஒரு நல்ல கிறிஸ்தவர் இறந்து, உங்களைப் பேசக் கூப்பிட்டால், எனக்காக ஒன்று செய்யுங்கள். "அவர் கிறிஸ்தவர், அதனால் எங்களுக்கு இன்ன இன்ன நன்மை கிடைத்தது" என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு கூசினால், அந்த நன்மைகளை வாங்கிக்கொண்டபோது கை கூசியதா என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். பிறகு பேசுங்கள்.